தூண்டில் ஈயமும் சோறாக்கும் அடுப்பும்

சென்ற இதழில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சில தோழர்கள், "டிரெசர் ஐயா, காட்டு வேலையில் வரும் நோயைச் சொன்னீர்கள், வீட்டுக்குள்ளே வரும் நோயையும் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அதற்குப் பொருத்தமான விஷயம் ஒன்று என் கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அதில் என் தவறும் உண்டு.

விஷயம் மீன் தூண்டில். மீன் பிடிப்பதில் என்ன நோய் என்று கேட்பீர்கள். நோய் மீனிலும் இல்லை, ஆற்றுத் தண்ணீரிலும் இல்லை. தூண்டிலில் கோக்கும் ஈயத்தை வீட்டிலேயே உருக்கி, வார்த்து, அதற்கு வர்ணப் பொடி ஏற்றுகிறோமே, அந்த வேலையில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் நம் லயத்து ஆட்கள் மூங்கில் கழியும் மண்புழுவும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவார்கள். கெளுத்தி கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் ரசம். இப்போது இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கோல சிலாங்கூர், கோல குராவ் ஆற்று வாய் வரைக்கும் போய்ச் சியாக்காப் பிடிக்கிறார்கள். புழுவுக்குப் பதிலாக 'ஜிக்' போடுகிறார்கள். ஜிக் என்பது தூண்டில் முள்ளின் கழுத்திலேயே ஒரு ஈயத் தலையை வார்த்து ஒட்டியது. அந்தத் தலைக்குப் பச்சை, மஞ்சள், செக்கச் சிவப்பு என்று சாயம் போட்டு, பின்னால் ஒரு ரப்பர் மீனை மாட்டினால், தண்ணீருக்குள் அது துள்ளித் துள்ளி ஓடும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். கடையில் விலை கொடுத்து வாங்கிய ஜிக் மரக் கட்டையில் மாட்டி ஒரே வீச்சில் அறுந்து போனால் மனசு கேட்குமா? அதனால் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். கைப்பேசியில் படம் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போவது ஒன்றுதான். அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நல்ல கைவேலைக்காரர். குடி கிடையாது. மாலையில் ஜிக் செய்து பாசார் மாலாமில் தூண்டில் சாமான் விற்கும் ஒருவருக்குக் கொடுப்பார். அந்தக் காசில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பஸ் கட்டணம் போகிறது. அவருடைய கடைசிப் பெண்ணுக்கு மூன்று வயது. ஒருநாள் காலையில் தாய் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"வயிறு வலிக்குதுன்னு அழுவுதுங்க ஐயா. சோறு எறங்க மாட்டேங்குது. வெளிக்குப் போயி மூணு நாளாச்சு."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. தோட்டத்தில் இருபது வருஷம் வேலை செய்த எவரும் என்ன நினைப்பாரோ அதைத்தான் நானும் நினைத்தேன். பூச்சி. பூச்சி மருந்து கொடுத்து, இரும்புச் சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தார்கள். அதே வலி, அதே வெளுப்பு. "செருப்புப் போட்டு விடுகிறாயா? கையைக் கழுவி விடுகிறாயா?" என்று அந்தத் தாயைத்தான் கடிந்துகொண்டேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மூன்றாம் முறை வந்தபோதுதான் குழந்தையின் விரலைச் சரியாகப் பார்த்தேன். நகக்கண் முழுக்கப் பச்சை.

"என்னாம்மா இது? எங்கே போய் இந்தச் சாயம் ஒட்டுச்சு?"

"அவங்கப்பா தூண்டி ஈயத்துக்குப் போடுற பவுடருங்க. அவரு வேலை செய்யறப்போ எந்நேரமும் அங்கதான் ஒக்காந்திருக்கும். எந்திரின்னா எந்திரிக்காது."

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்தப் பச்சைப் பவுடரை நேத்தே கொல்லையிலே கொட்டிட்டேன் சாமி. அதான் வெஷம்" என்றார். சமையலறைக்குள் போனேன். கேஸ் அடுப்பின் மேல் பழைய அலுமினியச் சட்டி, அதன் அடியில் உறைந்த ஈயம். பக்கத்தில் வார்ப்பு அச்சு, குறடு, அரம். தீபாவளிக்குக் கேக் சுடும் மின்சார ஓவனுக்குள் கம்பியில் வரிசையாக ஜிக் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு படலம். அந்தப் படலத்தின் மேலேயே குழந்தையின் பாய்.

பாட்டி கொட்டியது குற்றவாளியின் சட்டையை மட்டும்தான். குற்றவாளி சட்டியிலேயே இருந்தான்.

உடனே கடிதம் எழுதி மாவட்டத்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதிக்கும்படி குறிப்பிட்டேன். முடிவு வந்தது. கவலைப்பட வேண்டிய அளவுக்குப் பல மடங்கு மேலே. அங்கே பரிசோதித்த டாக்டர், ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுக்கும் எல்லையை இன்னும் தொடவில்லை, முதலில் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதற்கு முன் நான் கொடுத்த பூச்சி மருந்து அந்த நோய்க்கு ஒரு பயனும் செய்யவில்லை. டானிக் மட்டும் வீணாகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குழந்தையின் தகப்பனார் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார். அவருடைய வாதம் சாதாரணமானதல்ல. நம்மில் பல பேர் இதையேதான் சொல்லுவோம். "ஐயா, எங்க தாத்தா கிந்தாவிலே ஈயக் குட்டையிலே லம்பத்துக்கு நின்னவரு. எழுபத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தாரு. எங்க பாட்டி ஈயச் சொம்பிலேதான் ரசம் வைக்கும். ஈயத்தாலே யாருக்கு என்ன ஆச்சு?"

இங்கேதான் நம் மொழி நம்மை ஏமாற்றுகிறது. ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகம் இருக்கிறது. ஒன்று வெள்ளீயம், இன்னொன்று காரீயம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் மண்ணைக் கழுவி எடுத்தது வெள்ளீயம். நல்ல ரசச் சொம்பு வெள்ளீயம். டின் பால் டப்பாவின் உள்ளே பூசுவதும் வெள்ளீயம். தூண்டிலில் போடுவது, கார் பேட்டரிக்குள் இருப்பது, கார் டயரில் எடைக்கு ஒட்டிய பழைய கட்டி, இவையெல்லாம் காரீயம். மலாயிலும் இதே குழப்பம்தான். தீமா என்றால் வெள்ளீயம், தீமா ஹீத்தாம் என்றால் காரீயம். பேச்சு வழக்கில் ஹீத்தாம் விழுந்துவிடும், தீமா மட்டும் நிற்கும். காரீயம் கனமானது. வெள்ளீயத்தைப் போல ஒன்றரை மடங்கு எடை. நகத்தால் கீறினால் கோடு விழும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போல எழுதும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும், காரீயம் 327-இல் உருகும். இந்த விஷயத்தில் தாத்தாவின் எழுபத்தெட்டு வயசைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அவர் நின்றது வேறு உலோகத்தில்.

காரீயத்தால் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. இரும்பு வேண்டும், சுண்ணாம்புச் சத்து வேண்டும், துத்தநாகம்கூடக் கொஞ்சம் வேண்டும். காரீயம் ஒரு துளியும் வேண்டாம். ஆனால் உடம்பு அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் இருப்பது பல பத்து வருஷம் இருக்கும். பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும்போது இதுவும் கூட வரும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். சின்ன வயதில் உடம்பில் சேர்ந்தது அடுத்த தலைமுறைக்குக் கணக்கில் எழுதப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

பெரியவர் ஒருவர் ஈயத் தூளை விழுங்கினால் அதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். சிறு குழந்தை அதே அளவை விழுங்கினால் பெரியவரைப் போல நாலைந்து மடங்கு உடம்பில் ஏறும். வெறும் வயிற்றில் இன்னும் கூடுதலாக ஏறும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தைக்கு மேலும் கூடுதல், ஏனென்றால் இரும்புக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகக் காரீயம் நுழைந்துவிடும். நான் கொடுத்த டானிக் வீண் போகவில்லை என்று சொன்னது இதனால்தான். காரீயமே ரத்தம் ஊறுவதையும் கெடுக்கிறது. ஆகவே குழந்தை வெளுத்திருப்பதற்குப் பூச்சி, சோகை, ஈயம் மூன்றும் காரணமாகலாம். சில வேளை மூன்றும் ஒன்றாகவே இருக்கும். தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சக ஊழியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூச்சி மருந்துக்குப் பிறகும் வயிற்று வலியும் மலச்சிக்கலும் வெளுப்பும் நின்றால், வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்க மூன்று மாதம் ஆயிற்று.

அளவைச் சொன்னால்தான் புரியும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அதற்கு அர்த்தமில்லை. தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் இன்றைய மருத்துவ முடிவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ ஒரு லிட்டர் ரத்தம். அதில் மொத்தமாக 50 மைக்ரோகிராம் சேர்ந்தாலே அந்த 5 என்ற கோட்டுக்கு வந்துவிடும். பத்து கிராம் ஜிக் ஒன்றில் இருப்பது ஒரு கோடி மைக்ரோகிராம். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் பறக்கும் தூள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு வயிற்று வலி வருவதற்கு முன்பே மூளையில் வேலை ஆரம்பித்துவிடும். கவனம் நிற்காது, படிப்பு ஏறாது, சட்டென்று கோபம் வரும். "பையன் மந்தம்" என்று வாத்தியார் சொல்லுவார், நாமும் தலையெழுத்து என்று விட்டுவிடுவோம். அந்தச் சேதம் மருந்தால் திரும்பாது. பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, மூட்டு வலி, ஓயாத அசதி. முற்றிப்போனால் மணிக்கட்டு தொங்கிவிடும், ஈறில் நீலக் கோடு தெரியும். அந்த நீலக் கோட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அது எல்லாருக்கும் வருவதும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். நான் சொல்லப்போவதைச் செய்முறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கட்டத்தில் எது உடம்புக்குள் போகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் தொழிலாளியே என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் உருக்குவது. 327 டிகிரியில் உருகி நிற்கும் ஈயத்திலிருந்து ஆவி கொஞ்சம்தான் எழும். 500 டிகிரியை நெருங்க நெருங்கப் புகை கூடும். கேஸ் அடுப்பிலோ கரி அடுப்பிலோ சட்டியை வைத்துவிட்டு டீ போடப் போனால் அந்தச் சூடு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அடுப்பில் வெப்பமானியா இருக்கிறது? புகையை விட மோசமானது இன்னொன்று. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படியும். அதைக் கரண்டியால் வழித்துப் பக்கத்தில் கொட்டுவார்கள். அந்தக் கசடு கட்டி ஈயமல்ல, மாவாகப் பொடிந்த ஈயம். காற்றில் பறக்கும், காலில் ஒட்டும், பாயில் படியும். அந்த வீட்டுத் தரையில் நான் பார்த்த படலம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது நோயல்ல, விபத்து. நம் நாட்டில் எல்லாப் பொருளிலும் ஈரம் உண்டு. மழை நாளில் வெளியே கிடந்த அச்சு, துருப்பிடித்த கரண்டி, குளிர்பானப் போத்தலிலிருந்து விழும் ஒரு சொட்டு. உருகிய ஈயத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் அது கண நேரத்தில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். சட்டியில் இருப்பது அப்படியே முகத்தில் வந்து அடிக்கும். அச்சை முன்கூட்டிச் சூடு காட்டிக் காய வைப்பதும், கண்ணுக்குக் கண்ணாடியும் முழுக்கை சட்டையும் தோல் காலணியும் போடுவதும் இதற்குத்தான். சிலிப்பர் போட்டுக்கொண்டு ஈயம் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்த எனக்கே கால் கூசியது.

வார்த்த பிறகு மீதி வாலை வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்ப்பார்கள். கண்ணுக்கு இது சாதுவான வேலை. புகை இல்லை, நெருப்பு இல்லை, டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் ஈயத் தூளைப் பரப்புவதில் கசடுக்கு அடுத்தது இதுதான். குறடால் திருகி வெட்டினால் தூள் மிகக் குறைவு. கட்டாயம் தேய்க்க வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு, வெளியில் வைத்துத் தேய்க்க வேண்டும்.

அடுத்ததுதான் வர்ணம். இதற்குப் பெயர் பவுடர் பெயிண்ட். இரும்புக் கதவுக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் தொழிற்சாலையில் போடுகிற அதே வகை. இதில் தின்னர் கிடையாது. ஜிக்கின் முள்ளைக் குறடால் பிடித்து, ஹீட் கன் என்கிற சூடான காற்றுக் குழாயில் சில விநாடி காட்டி, பொடிக்குள் முக்கி உடனே எடுத்தால் பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். சூடு குறைந்தால் ஒட்டாது, அதிகமானால் சொட்டாகத் திரளும். பிறகு ஓவனில் 175 டிகிரி வாக்கில் கால் மணி, இருபது நிமிஷம் தொங்கவிட்டால் இறுகிவிடும். கல்லில் மோதினாலும் லேசில் பெயராது. அந்தத் தொழிலாளி போட்ட ஜிக்கை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். பீங்கான் போல மின்னியது. அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பொடி முழுக்க நல்லது என்றும் சொல்ல மாட்டேன். சில பாலியெஸ்டர் பொடிகளில் டி.ஜி.ஐ.சி. என்ற ஒரு இறுக்கும் பொருள் இருக்கும். அது ஆஸ்துமாவையும் தோல் அரிப்பையும் கொண்டுவரும். மஞ்சள், ஆரஞ்சு வர்ணங்களில் ஈயக் குரோமேட் சேர்ந்த வகையும் உண்டு. டப்பாவில் அச்சடித்த எழுத்தே இல்லாமல் பொட்டலம் கட்டி விற்பதை வாங்காதீர்கள். இன்னொன்று, இந்தப் பொடி மைதா மாவு போல மெல்லியது. காற்றில் மேகமாக எழும்பும்போது பக்கத்தில் நெருப்பு இருந்தால் குபீரென்று பற்றும். கேஸ் அடுப்புத் தணலில் ஜிக்கைச் சூடு காட்டி, அதே அடுப்புப் பக்கத்தில் பொடியை ஊதிக் கலக்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆனாலும் பாட்டி நினைத்தது போல வர்ணம் முதல் எதிரி அல்ல. நன்றாக இறுகிய வர்ணம் ஈயம் கையில் ஒட்டாமல் மூடி வைக்கிறது. அது பெயர்ந்தால் திரும்பவும் ஈயம் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

ஓவன் விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. 175 டிகிரியில் காரீயம் உருகாது என்பது சரி. ஆனால் ஜிக்கின் மேல் ஒட்டிய தூள் உள்ளே உதிரும், வர்ணம் கருகினால் அதன் புகையும் சுவரில் படியும். ஒரு முறை ஜிக் தொங்கிய ஓவனில் பிறகு கேக் கிடையாது, கோழி கிடையாது. கழுவினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சட்டியும் கரண்டியும் அப்படித்தான். அந்த வீட்டு ஓவனை வெளியே தூக்கிப் போக அந்த அம்மாவுக்கு மனசே வரவில்லை. தவணையில் வாங்கியதாம்.

பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அதிலுள்ள ஈயத்தில் பாதிக்கு மேல் பசையாகவும் தூளாகவும்தான் இருக்கும், கூடவே திராவகம். தகட்டில் அந்திமணி, ஆர்செனிக் கலந்திருக்கும். செனகல் நாட்டில் தியாரோய் சூர் மேர் என்ற ஊரில் கொல்லர்கள் பல வருஷமாகப் பேட்டரி ஈயத்தை உருக்கி மீன் வலைக்குக் குண்டு செய்து வந்தார்கள். நம்மைப் போலச் சாதாரண ஜனங்கள். ஈயத்தின் விலை ஏறியதும் வியாபாரிகள் வந்து, ஈயத் துகள் கலந்த அந்த மண்ணையே விலைக்குக் கேட்டார்கள். பெண்கள் மண்ணைத் தோண்டி வீட்டு வாசலில் சலித்தார்கள், குழந்தைகள் பக்கத்தில் விளையாடின. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோயின. முதலில் அங்கேயும் அது வேறு நோய் என்றுதான் நினைத்தார்கள். அதைப் படித்தபோது என் பூச்சி மருந்து எனக்கு நினைவுக்கு வந்தது. நம் நாட்டில் பழைய பேட்டரி 2005-ஆம் ஆண்டு விதிமுறையில் ஆபத்தான கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை லயத்துப் பின்புறத்தில் கோடரியால் உடைப்பது சட்டத்துக்கும் ஆகாது.

சங்கத் தோழர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். 1984-இல் தொழிற்சாலை இயந்திரச் சட்டத்தின் கீழ் ஈயத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். ஈயத்தில் வேலை செய்பவனுக்கு ரத்தப் பரிசோதனை, கை கழுவ இடம், வேலை செய்யும் இடத்தில் சாப்பிடத் தடை என்றெல்லாம் முதலாளி மேல் கடமை வைத்தார்கள். அதே ஈயத்தை அதே தொழிலாளி வீட்டில் உருக்கினால் கேட்க ஆளில்லை. முதலாளியும் அவனே, தொழிலாளியும் அவனே, மூச்சு இழுக்கும் குழந்தையும் அவனுடையது. கூடுதல் வருமானம் இல்லாமல் குடும்பம் ஓடாது என்ற நிலைமை வேறு. அதனால்தான் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு என்னால் எழுந்து வர முடியவில்லை.

அவருக்கு நான் சொன்ன வழி இதுதான். வார்ப்பதை விட்டுவிடுங்கள். வார்த்து முடித்த தலையை மொத்தமாக வாங்கி, வர்ணம் மட்டும் போடுங்கள். லாபம் குறையும், தொழில் நிற்காது. விஷத்தில் பெரும்பகுதி வார்ப்பதிலும் தேய்ப்பதிலும்தான். வர்ணம் போடுவதும் வீட்டுக்குள் வேண்டாம். லயத்தை விட்டுத் தள்ளி, கிணறும் கோழிக்கூடும் இல்லாத இடத்தில் ஒரு கூரை போட்டுக்கொள்ளுங்கள். கோழி தரையைக் கொத்தும், அதன் முட்டையிலும் ஈயம் வரும். அதற்கென்று ஒரு சட்டை, ஒரு கைலி வைத்து அங்கேயே மாற்றுங்கள், குழந்தைத் துணியோடு துவைக்காதீர்கள். வேலை முடிந்தால் துடைப்பம் போடக்கூடாது, தூள் எழும்பும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கசடையும் மூடியுள்ள டின்னில் போட்டு, பழைய பேட்டரி வாங்கும் உரிமம் பெற்ற இடத்தில் கொடுங்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலையோ சிகரெட்டோ தொடக்கூடாது. துணி முகமூடி தூளுக்குப் போதாது. தொழிற்சாலையில் போடும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். வசதி உள்ளவர்கள் காரீயத்தை விட்டு வெள்ளீயத் தலைக்கு மாறலாம். விலை அதிகம், எடை குறைவு, ஆனால் இந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்தில் 1987-இலேயே சிறிய ஈயக் குண்டுகளைத் தூண்டிலில் போடத் தடை வந்தது. அது மனிதனுக்காக அல்ல, குண்டை விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததற்காக. அங்கே அன்னத்துக்குக் கிடைத்த அக்கறை என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது, எழுதிவிட்டேன்.

மீன் பிடிக்க மட்டும் போகிறவர்களுக்கும் ஒன்று. நரம்பில் சின்ன ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நசுக்குவதை விட்டுவிடுங்கள். குறடு கொண்டுபோங்கள். பாக்கெட்டில் குண்டும் வேர்க்கடலையும் ஒன்றாகக் கிடக்க வேண்டாம். சிறு பிள்ளை குண்டை விழுங்கிவிட்டால், "மலத்தோட வந்துரும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றின் அமிலத்தில் ஈயம் கரைய ஆரம்பித்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியும்.

பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும், இளநீர் முறித்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். முறிக்காது. வயிறு நிறைய வேளாவேளைக்குச் சாப்பாடு, முருங்கைக்கீரை, முட்டை, ஈரல், தலையோடு தின்னும் நெத்திலி, இவை இரும்பும் சுண்ணாம்பும் கொடுத்து ஈயம் ஏறுவதைக் குறைக்கும். குறைக்கும் என்றுதான் சொன்னேன். மருத்துவமனையில் கொடுக்கும் ஈய முறிவு மருந்தும் குழந்தைக்கு 100 மில்லியில் 45 மைக்ரோகிராமை எட்டினால்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள். தூள் நிறைந்த வீட்டுக்கே குழந்தை திரும்பிப் போனால் அந்த மருந்தும் தோற்றுவிடும்.

அந்த வீட்டைத் தாயும் தகப்பனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் துடைத்தார்கள். பாயை எரிக்க வேண்டாம், கட்டி எறியுங்கள் என்று சொன்னேன். குழந்தையைப் பகலில் ஆயாக்கொட்டகையில் விட்டார்கள். மூன்று மாதத்தில் ரத்தத்தில் ஈயம் பாதிக்கு மேல் குறைந்தது. இன்னும் 5-க்குக் கீழே வரவில்லை. அடுத்த பரிசோதனை தீபாவளிக்கு முன்பு. தகப்பனார் செம்பனைக் காட்டு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு வர்ணம் மட்டும் போடுகிறார். குழந்தை அங்கேயும் பின்னால் ஓடுவதால் வாசலில் கம்பிக் கதவு ஒன்று வைத்திருக்கிறார். சென்ற வாரம் போனபோது கதவு சாத்தியிருந்தது. குழந்தை வெளியே நின்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் யாராவது ஈயம் உருக்கினால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அழைத்துக்கொண்டு உங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கோ போய், "ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். என்ன தொழில் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த இதழில் வெயிலில் வேலை செய்பவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி எழுதுகிறேன்.